கோட்டோர்: மலையடிவார மதில் நகரைப் பார்த்து வர ஒரு முழுமையான வழிகாட்டி

அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில், மாண்டினீக்ரோ நாட்டில், கடல் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து நிலத்துக்குள் புகுந்து, மலை வழிமறித்ததால் நின்றுபோன கடைசி மூலையில் கோட்டோர் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே இருக்கும் பழைய ஊர் மிகச் சிறியது. வடக்கு வாசலில் நுழைந்து தெற்கு வாசலில் வெளியே வரப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதனாலேயே பெரும்பாலான பயணிகள் இதை அரை நாள் நிறுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள். காலை பத்து மணிக்கு வந்து, கூட்டத்தோடு கூட்டமாக ஒரு தேவாலயத்தைப் பார்த்து, வெயிலில் பாதி மலை ஏறிவிட்டு, மாலை நான்கு மணிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது ஊரின் மிக மோசமான ஆறு மணி நேரத்தை. குறைந்தது இரண்டு இரவுகள் இங்கே தங்கிப் பாருங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. கீழே உள்ள வழிமுறைகள் எல்லாம் அந்த இரண்டு இரவுகளையும், அவற்றின் நடுவே கிடைக்கும் அதிகாலைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ஊரின் அமைப்பை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

கோட்டோரை ஒரு முக்கோணமாக நினைத்துக்கொள்வது நல்லது. மேற்குப் பக்கம் விரிகுடா. வடக்குப் பக்கம் ஷ்குர்தா என்ற சிற்றாறு. தெற்கு முனையில் குர்திச் என்ற நன்னீர் ஊற்று, மலையின் அடியிலிருந்து பீறிட்டுக் கடலோடு கலக்கிறது. கிழக்குப் பக்கம் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலை. ஆக, மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் தண்ணீரும் கிழக்கில் பாறையுமாக இயற்கையே பாதி அரணைக் கட்டிக் கொடுத்துவிட்டது. மீதிப் பாதியை மனிதர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டி முடித்தார்கள். மதிலின் மொத்த நீளம் சுமார் 4.5 கிலோமீட்டர். உயரம் சில இடங்களில் 20 மீட்டரைத் தொடுகிறது. தடிமன் 2 மீட்டரிலிருந்து 16 மீட்டர் வரை மாறுகிறது. ஊரைச் சுற்றிவிட்டு நிற்காமல் அந்த மதில் மலைமீதும் ஏறி, சுமார் 260 மீட்டர் உயரத்தில் இருக்கும் சான் ஜியோவானி கோட்டையைத் தொட்டுவிட்டு மறுபக்கம் இறங்குகிறது. இரவில் மதில் முழுவதும் விளக்கேற்றும்போது கீழிருந்து பார்த்தால், கறுத்த மலையின் மேல் யாரோ பொன் நூலால் கோடு இழுத்ததுபோல் தெரியும்.

இந்த விரிகுடாவைப் பலரும் ஃபியோர்ட் என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஃபியோர்ட் என்பது பனியாறு குடைந்தெடுத்த பள்ளத்தாக்கு. இங்கே நடந்தது வேறு: பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்று, கடல் மட்டம் உயர்ந்தபோது மூழ்கிவிட்டது. சுற்றிலும் இருக்கும் சுண்ணாம்புக்கல் மழைநீரைக் குடித்து, கீழே ஊற்றாகக் கக்குகிறது. குர்திச் ஊற்று அதற்கு நேரடிச் சான்று. பெருமழைக்குப் பின் அது நுரைத்துப் பொங்குவதைத் தெற்கு வாசல் பாலத்தில் நின்று பார்க்கலாம்.

வரலாற்றில் இரண்டு செய்திகளை மட்டும் தெரிந்துகொண்டு போனால் ஊரின் கற்கள் தாமே பேசத் தொடங்கும். முதலாவது, 1420 முதல் 1797 வரை ஊர் வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் இதன் பெயர் கட்டாரோ. வாசல்களில் தென்படும் சிறகு முளைத்த சிங்கம் வெனிஸின் காவல் புனிதரான மாற்குவின் சின்னம். இரண்டாவது, நிலநடுக்கம். 1667-இல் நிகழ்ந்த நடுக்கத்தில் பேராலயத்தின் கோபுரங்கள் சரிந்தன. 1979 ஏப்ரல் 15-இல் நிகழ்ந்ததில் ஊரே ஆட்டம் கண்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலிலும் ஒருங்கே சேர்த்தது. ஆபத்துப் பட்டியலிலிருந்து 2003-இல்தான் வெளியே வந்தது. இன்று நீங்கள் காணும் நேர்த்தியான முகப்புகள் பலவற்றுக்குப் பின்னால் இருபது ஆண்டுக்கும் மேலான சீரமைப்பு உழைப்பு இருக்கிறது.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில்

மே, ஜூன் மாதங்களும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலான நாள்களும் மிகப் பொருத்தமானவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் 30 பாகையைத் தாண்டும், விரிகுடாவை ஒட்டிய ஒற்றைச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நவம்பர், டிசம்பர் மழைக்காலம். மழை என்றால் சாதாரண மழை அல்ல: விரிகுடாவுக்கு மேலே, ரிசான் ஊருக்குப் பின்னால் மலையில் இருக்கும் ட்ஸ்ர்க்விட்சே என்ற இடத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. ஐரோப்பாவிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் அது ஒன்று.

மாதத்தைவிட முக்கியமானது நாளின் நேரம். இங்கே இரண்டு கடிகாரங்களைக் கவனிக்க வேண்டும். முதல் கடிகாரம் மலையின் நிழல். மலை ஊருக்குக் கிழக்கே நிற்பதால், காலைச் சூரியன் அதன் பின்னாலிருந்துதான் எழ வேண்டும். அதனால் கோடையிலும்கூட ஊரும் கோட்டைப் படிகளும் காலையில் நெடுநேரம் நிழலில் இருக்கும். பிற்பகலில் நிலைமை தலைகீழாகி, மேற்கு நோக்கிய அந்தச் சரிவு முழுவதும் வெயிலை நேராக வாங்கி, கல் சுடத் தொடங்கும். எனவே ஏறுவது காலையில், படம் எடுப்பது மாலையில் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் கடிகாரம் பயணக் கப்பல்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பெரிய கப்பல்கள் இந்தக் குறுகிய விரிகுடாவுக்குள் வந்து, ஊர் வாசலுக்கு எதிரிலேயே நிற்கின்றன. ஒரே கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்கும் நாளில், பெரிய சதுக்கத்தைக் கடப்பதே ஒரு வேலை. கப்பல் வருகை அட்டவணை முன்கூட்டியே இணையத்தில் வெளியாகிறது. உங்கள் தேதிகளில் எந்தெந்த நாளில் எத்தனை கப்பல்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, கப்பல் அதிகமுள்ள நாளைப் பக்கத்துக் கரையோர ஊரான பெராஸ்ட்டுக்கோ, ஊருக்கு மேலே இருக்கும் லோவ்சென் மலைக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

விசா, பணம், பதிவு

மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியிலும் இல்லை. ஆனால் நாணயம் யூரோ. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விசா தேவை. எனினும் செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் விசா கையில் இருந்தால் 30 நாள் வரை தங்க அனுமதிக்கும் ஏற்பாடு இருந்து வருகிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் மாண்டினீக்ரோ வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பலரும் குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரத்தையும் கோட்டோரையும் ஒரே பயணத்தில் பார்க்கத் திட்டமிடுகிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு முறை நுழையும் ஷெங்கன் விசாவோடு டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோருக்கு வந்துவிட்டால், அந்த நுழைவு முடிந்துபோகும். திரும்பிக் குரோஷியாவுக்குள் போக முடியாது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசாவைக் கேளுங்கள், அல்லது மாண்டினீக்ரோவைப் பயணத்தின் கடைசியில் வைத்து அங்கிருந்தே ஊர் திரும்புங்கள்.

நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு வெளிநாட்டவரும் தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. விடுதியில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். தனி வீட்டு அறை எடுத்தால், உரிமையாளர் பதிவு செய்தாரா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறிய சுற்றுலா வரி தனியாக உண்டு. அட்டை பல இடங்களில் செல்லும், ஆனால் படகு, சந்தை, கோட்டை நுழைவு ஆகியவற்றுக்குச் சில்லறை நோட்டுகள் கையில் இருப்பது நல்லது.

சென்று சேர்வதும் தங்குவதும்

மிக அருகில் இருப்பது டிவாட் விமான நிலையம், சுமார் 8 கிலோமீட்டர். நடுவே குறுக்கிடும் வர்மாட்ஸ் மலை முதுகைத் துளைத்துக்கொண்டு ஒரு சுரங்கச் சாலை போகிறது. தலைநகர் பொட்கோரிட்சாவின் விமான நிலையம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு. டுப்ரோவ்னிக் விமான நிலையத்திலிருந்து தூரம் கணக்கில் சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் எல்லையைக் கடக்கக் கோடையில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அந்த வழியில் வண்டியில் வருவோருக்கு ஒரு யோசனை: விரிகுடாவை முழுவதும் சுற்றாமல், காமெனாரியில் படகில் வண்டியோடு ஏறி லெபெடானேயில் இறங்கிவிடலாம். விரிகுடாவின் மிகக் குறுகிய கழுத்தான வெரிகே நீரிணை இதை ஒட்டித்தான் இருக்கிறது, அங்கே அகலம் 350 மீட்டருக்கும் குறைவு. படகு இரவு பகலாக ஓடுகிறது, கடக்கப் பத்து நிமிடம். ஆனால் முதல் முறை வருபவர் என்றால், ஒரு வழியிலாவது சுற்றுச் சாலையில் பெராஸ்ட் வழியாக வாருங்கள் என்பேன். ஒவ்வொரு வளைவிலும் மலை இடம் மாறி நிற்கும் காட்சியைப் படகில் மிச்சமாகும் நேரத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பழைய ஊருக்குள் வண்டிகள் போகாது. சக்கரம் வைத்த பெட்டியைக் கல் பாவிய சந்துகளில் இழுப்பது பெரும்பாடு, முதுகுப் பையே சிறந்தது. பேருந்து நிலையம் மதிலுக்குத் தெற்கே நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

மதிலுக்கு உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா என்பது பலரும் குழம்பும் இடம். உள்ளே தங்கினால் அதிகாலையில் கதவைத் திறந்ததும் ஊர் உங்கள் கையில் இருக்கும். ஆனால் கோடை இரவுகளில் மதுக்கடை இசை நள்ளிரவைத் தாண்டியும் கல் சுவர்களில் எதிரொலித்துக்கொண்டிருக்கும். தூக்கம் முக்கியம் என்பவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் டோப்ரோட்டா பகுதியைப் பரிந்துரைப்பேன். வடக்கு வாசலிலிருந்து கரையோரமாகவே நீண்டு செல்லும் இப்பகுதியில் பழைய கப்பல் தலைவர்களின் கல் மாளிகைகளும், அவற்றுக்கு முன்னால் குளிக்க வசதியான சிறு படகுத்துறைகளும் இருக்கின்றன. எதிர்க்கரையில் இருக்கும் மூவோவில் தங்கினால் அறைச் சன்னலிலிருந்தே ஊரையும் கோட்டையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்று வாசல்கள்

முதன்மையான கடல் வாசல் 1555-இல் கட்டப்பட்டது. ஒரு காலத்தில் தண்ணீர் அதன் படிவரை வந்து மோதியதாம், இப்போது நடுவில் சாலையும் சந்தையும் இருக்கின்றன. வாசலுக்கு மேலே 21-XI-1944 என்ற தேதி பொறிக்கப்பட்டிருக்கிறது: நாஜிப் படைகளிடமிருந்து ஊர் விடுதலையான நாள். அதோடு யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் பெயரால் அறியப்படும் வாசகம் ஒன்றும் உண்டு. பிறர் பொருள் எமக்கு வேண்டாம், எம் பொருளை எவருக்கும் கொடோம் என்பது அதன் பொருள். உள்ளே நுழைந்த வேகத்தில் நேராகச் சதுக்கத்துக்குப் போய்விடாமல், வாசலின் உட்கூட்டில் ஒரு நிமிடம் நின்று வலப்பக்கச் சுவரைப் பாருங்கள். கன்னி மரியாளும் குழந்தையும், இரு பக்கமும் புனிதர்களுமாக ஒரு கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதில் ஒருவரான, ஊரின் காவல் புனிதர் த்ரிஃபோன் தன் கையில் தாங்கியிருப்பது இந்த ஊரையே. உள்ளங்கையில் அடங்கிய அந்தக் குட்டி மதிலைக் கூட்டத்தில் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

வடக்கே ஆற்று வாசல் 1540-ஐச் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஹைருத்தீன் பார்பரோசாவின் ஒட்டோமான் கடற்படை ஊரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதன் நினைவாக அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே பாலத்தில் நின்றால், கீழே ஷ்குர்தாவின் பச்சை நீர் கண்ணாடிபோல் தெளிந்து ஓடும். மதில், ஆறு, மலை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும் இடம் இதுதான். தெற்கே குர்திச் வாசலில் தூக்குப் பாலம் உண்டு. மூன்றில் கூட்டம் மிகக் குறைவானதும் இதுவே. கப்பல் நாள்களில் நான் சொல்லும் வழி: தெற்கில் நுழைந்து வடக்கில் வெளியேறுங்கள்.

மதிலுக்கு உள்ளே நடப்பது

வரைபடத்தை மடித்து வைத்துவிடலாம், ஊர் சிறியது, வழி தவறினாலும் மூன்று நிமிடத்தில் ஏதாவது ஒரு மதில் வந்து முட்டும். சதுக்கங்களின் பெயர்களே வழிகாட்டுகின்றன: மாவுச் சதுக்கம், பால் சதுக்கம், கீரைச் சதுக்கம் என்று எங்கே என்ன விற்றார்களோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள். கடல் வாசலுக்கு உள்ளே விரிவது ஆயுதச் சதுக்கம். அங்கே 1602-ஐச் சேர்ந்த மணிக்கூண்டு நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் கூம்பு வடிவக் கல் அழகுக்காக வைத்தது அல்ல. குற்றவாளிகளை அதில் கட்டி வைத்து, ஊரார் முன் தலைகுனிய வைத்த இடம் அது.

புனித த்ரிஃபோன் பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இது 1166-இல் அர்ப்பணிக்கப்பட்ட, ரோமனெஸ்க் என்னும் இடைக்கால ஐரோப்பியப் பாணிக் கட்டடம். முகப்பின் இரட்டைக் கோபுரங்கள் மட்டும் 1667 நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்தவை. அதனால் கோபுரங்களுக்கும் பின்னால் உள்ள கட்டடத்துக்கும் ஐந்து நூற்றாண்டு இடைவெளி இருப்பது கண்ணுக்கே தெரியும். 809-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து வெனிஸுக்குப் போன ஒரு கப்பல் புயலுக்கு ஒதுங்கி இங்கே நங்கூரமிட்டதாகவும், அதிலிருந்த புனிதரின் திருப்பண்டங்களை ஊர்ப் பிரபு ஆந்த்ரியா சராசெனிஸ் விலைக்கு வாங்கியதாகவும் மரபு சொல்கிறது. உள்ளே பலிபீடத்துக்கு மேலே நான்கு தூண்கள் தாங்கும் கல் விதானத்தை நெருங்கிப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் புனிதரின் வாழ்க்கைக் காட்சிகளை அதன் விளிம்பில் செதுக்கியிருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு சில யூரோதான், மேல்மாடியின் காணிக்கைப் பொருள்களும் அதில் அடக்கம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும். பிப்ரவரி 3 புனிதரின் திருநாள். அதையொட்டிய கொண்டாட்டத்தில் போக்கா கடற்படை என்னும் பழைய மாலுமிச் சங்கத்தினர் மரபு உடையில் வட்ட நடனம் ஆடுவார்கள். அச்சங்கத்தின் மரபு 2021-இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், பேராலயத்தை விட்டுவிட்டு புனித லூக்கா ஆலயத்துக்குப் போங்கள் என்றே சொல்வேன். 1195-இல் கட்டிய மிகச் சிறிய கோயில் அது. நிலநடுக்கங்களில் பெரிய சேதமில்லாமல் தப்பியது. 17-ஆம் நூற்றாண்டில் போர் காரணமாக ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மக்கள் ஊருக்குள் அடைக்கலம் தேடி வந்தபோது, கத்தோலிக்கர்கள் இக்கோயிலில் அவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு காலம் இரு பிரிவினரும் ஒரே கூரையின் கீழ் முறை வைத்து வழிபட்டார்கள். இரண்டு பலிபீடங்களும் இன்றும் அருகருகே இருக்கின்றன. தரையில் பாவியிருப்பவை ஊராரின் கல்லறைப் பலகைகள். உள்ளே பத்துப் பேர் நின்றாலே நெருக்கடி ஆகிவிடும் என்பதால், கப்பல் கூட்டம் வருவதற்கு முன் போய்விடுங்கள். எதிரிலிருக்கும் பெரிய ஆலயம் புனித நிக்கோலாவுடையது, 1909-இல் முடிந்தது.

கடல்சார் அருங்காட்சியகம் குர்குரினா மாளிகையில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் மாதிரிகளில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிட வேண்டாம், மற்றவர்கள் மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஊரெங்கும் திரியும் பூனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவையே வந்து அறிமுகப்படுத்திக்கொள்ளும். மடியில் ஏறினால் விரட்டாதீர்கள், ஊரார் அவற்றுக்குச் சோறும் தண்ணீரும் வைத்துப் பிள்ளைபோல் வளர்க்கிறார்கள்.

கோட்டைக்கு ஏறுவது

மொத்தம் சுமார் 1,350 படிகள். ஏற முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், இறங்க அரை மணிக்கு மேல். ஊரின் பின்பக்கத்தில் இரண்டு இடங்களிலிருந்து படிகள் தொடங்குகின்றன: ஒன்று வடக்கே புனித மரியாள் ஆலயத்துக்கு அருகில், மற்றொன்று கீரைச் சதுக்கத்தை அடுத்து. இரண்டும் மேலே சேர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் 8 யூரோவாக இருந்த கட்டணம் இப்போது 15 யூரோவாகிவிட்டது. அதிகம்தான். ஆனாலும் அரைகுறையாக ஏறிவிட்டுத் திரும்புவதைவிட, அதைக் கொடுத்துவிட்டு உச்சிவரை போவதே மேல்.

பாதையின் அமைப்பு முதலில் விளங்காது. நடுவில் சரிவாகப் பாவிய கரடுமுரடான கல், பாரம் சுமந்த விலங்குகளுக்கானது. ஓரத்தில் குறுகிய படிகள், மனிதருக்கானவை. பல நூற்றாண்டுக் காலடிகள் பட்டு அப்படிகளின் விளிம்புகள் மெழுகு தடவியதுபோல் வழவழத்துக் கிடக்கின்றன. காய்ந்த நாளிலேயே வழுக்கும், மழை பெய்த அன்று ஏறவே வேண்டாம். இறங்கும்போது படியைவிட நடுச் சரிவின் சொரசொரப்பு காலுக்குப் பிடிமானம் தரும். செருப்பு போதாது, பிடிப்புள்ள காலணி கட்டாயம். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் வழியில் விற்பார்கள், விலை கூடுதலாக இருக்கும்.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நலம் தரும் மாதா ஆலயம் வரும். கொள்ளைநோயிலிருந்து தப்பியவர்கள் 1518-இல் எழுப்பியது. மூட்டு வலி உள்ளவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் நட்டமில்லை. ஊரின் செம்மண் ஓட்டுக் கூரைகள், ஆலயத்தின் மணிக்கோபுரம், அதற்கு அப்பால் விரிகுடாவின் நீலம் என்று நீங்கள் படங்களில் பார்த்திருக்கும் கோட்டோர் இந்த இடத்திலிருந்து எடுத்ததுதான். இதற்கு மேல் காட்சி மாறுகிறது. கூரைகள் சிறுத்து, ஊரின் முக்கோண வடிவம் புலப்படத் தொடங்கும். மதில் எப்படிப் பாறையின் ஒவ்வொரு மடிப்பையும் பற்றிக்கொண்டு ஏறுகிறது என்பதும் புரியும். உச்சிக் கோட்டை பெரும்பாலும் இடிபாடுதான். அங்கே பார்க்க வேண்டியது கட்டடத்தின் பின்புறம்: கோட்டைக்கும் பெரிய மலைக்கும் நடுவே ஆழமான பள்ளம் விழுந்து கிடக்கிறது. பின்னாலிருந்து யாரும் வந்து தாக்க முடியாதபடி இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தவர்களின் கண் எத்தகையது என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும்.

காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கி, ஒன்பதரைக்குள் இறங்கிவிட்டால் வெயிலும் கூட்டமும் உங்களைத் தொடாது.

உடலில் வலு உள்ளவர்களுக்கு இன்னொரு ஏற்றமும் உண்டு. ஆற்று வாசலுக்கு வெளியே, ஷ்குர்தா கரையிலிருந்து கோட்டோர் ஏணி என்ற பழைய பாதை எழுபதுக்கும் மேற்பட்ட கொண்டை வளைவுகளாக மலைமேல் மடிந்து மடிந்து ஏறுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வண்டிச் சாலை வரும்வரை, கடற்கரைக்கும் மலைமேல் இருந்த மாண்டினீக்ரோவின் பழைய தலைநகர் செடினியேவுக்கும் இடையே உப்பும் தானியமும் கழுதைகளின் முதுகில் போய்வந்த தடம் அது. அது மேலே கடக்கும் மலைக்கணவாயின் உயரம் 900 மீட்டரைத் தாண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும். நிழல் அரிது, அதனால் வெயில் காலத்தில் இது வேண்டாம்.

பெராஸ்ட்டும் செயற்கைத் தீவும்

வடக்கே 12 கிலோமீட்டர் தொலைவில் பெராஸ்ட். கரையோரப் பேருந்தில் அரை மணிக்குள் போய்விடலாம். ஒரே ஒரு தெருவும், அதன் இரு பக்கமும் கப்பல் தலைவர்களின் பரோக் பாணிக் கல் மாளிகைகளும்தான் ஊர். எதிரே நீரில் இரண்டு சிறு தீவுகள். சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த புனித ஜார்ஜ் தீவு இயற்கையானது, அதற்குள் பயணிகளை விடுவதில்லை. மற்றது பாறை மாதா தீவு, மனிதர் உண்டாக்கியது. 1452-இல் கடலில் துருத்திய ஒரு பாறைமேல் மாதா படம் ஒன்றைக் கண்டெடுத்த மாலுமிகள், ஒவ்வொரு பயணம் முடிந்து திரும்பும்போதும் அங்கே கல்லைப் போட்டார்கள், கல் ஏற்றிய பழைய கப்பல்களையும் மூழ்கடித்தார்கள். அப்படியே தலைமுறை தலைமுறையாக ஒரு தீவு எழுந்தது. இன்றும் ஜூலை 22 மாலையில் படகுகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு போய்க் கல் போடுகிறார்கள்.

தீவுக்குப் போய்வரப் படகுக்கு ஆளுக்கு 5 யூரோ அளவில் கேட்பார்கள். ஆலயத்தின் சுவர் நிறைய ஊர்க்காரரான த்ரிபோ கோக்கோல்யாவின் ஓவியங்களும், கடலில் உயிர் தப்பியவர்கள் காணிக்கையாகத் தந்த வெள்ளித் தகடுகளும் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே ஒரு தையல் வேலைப்பாட்டைத் தேடிப் பாருங்கள். யாசிந்தா குனிச் என்ற பெண் 25 ஆண்டுகள் உட்கார்ந்து, பட்டு நூலோடு தன் தலைமுடியையும் சேர்த்துத் தைத்தது என்கிறார்கள். அதிலுள்ள தேவதைகளின் கூந்தல் ஓரிடத்தில் கருமையாகவும் வேறோரிடத்தில் நரைத்தும் இருக்கிறது.

வண்டி இருந்தால், பெராஸ்ட்டுக்கு அப்பால் ரிசானில் ரோமானியர் காலத்துத் தரைச் சித்திரங்களையும் பார்த்துவிடலாம்.

மலைமேல் ஒரு நாள்

2023 முதல் கோட்டோருக்கு அருகே டூப் என்ற இடத்திலிருந்து லோவ்சென் மலைக்குக் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. 3.9 கிலோமீட்டர் நீளம், 11 நிமிடப் பயணம், மேல்நிலையம் 1,348 மீட்டர் உயரத்தில். கீழே சட்டை நனைய வியர்த்தாலும் மேலே குளிரும், ஒரு மேலாடை எடுத்துப் போங்கள். மேகம் இறங்கிய நாளில் ஏறினால் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதனால் அன்று காலை மலை முகட்டைப் பார்த்துவிட்டே சீட்டு வாங்குங்கள். வாடகை வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு 25 கொண்டை வளைவுகள் கொண்ட பழைய சாலையைச் சொல்வேன். அது குறுகியது, எதிரே பேருந்து வந்தால் பின்னோக்கி நகர வேண்டியிருக்கும், பதற்றப்படாமல் ஓட்ட வேண்டும். அச்சாலை நியெகுஷி கிராமத்தைத் தாண்டி லோவ்சென் மலைக்குப் போகிறது. யெசெர்ஸ்கி சிகரத்தில், 1,657 மீட்டர் உயரத்தில், ஆட்சியாளரும் கவிஞருமான நியெகோஷின் நினைவிடம் இருக்கிறது. சிற்பி இவான் மெஷ்ட்ரோவிச் வடிவமைத்தது, 1974-இல் திறக்கப்பட்டது. 461 படிகள் ஏற வேண்டும்.

சாப்பாடு

கணவாய் மீன், சிப்பி, புகையிட்ட பன்றி இறைச்சி ஆகியவை இக்கரையின் பெயர்பெற்ற உணவுகள். கணவாயின் மையிலேயே வேகவைத்த கறுப்பு அரிசிச் சோறு முதலில் கண்ணைத் தயங்க வைக்கும், நாக்கு தயங்காது. சைவம் உண்போர் ‘பெஸ் மேசா’ என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் நோன்பு உணவுக்கு ‘போஸ்னோ’ என்று பெயர். அதில் இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் மீன் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கோடு வதக்கிய கீரையான ‘பிலிட்வா’ எங்கும் கிடைக்கும். பாலாடைக்கட்டி அடைத்த ‘புரெக்’ காலை உணவுக்குப் போதும். இனிப்பில் ஊருக்கே உரியது கிரெம்பிட்டா, மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவே திரண்ட பாலேடு. சதுக்கத்து மேசைகளில் விலை கூடும். ஒரு சந்து உள்ளே தள்ளிப் போனாலோ டோப்ரோட்டா பக்கம் நடந்தாலோ குறையும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

கடல் வாசலுக்கு வெளியே மதிலை ஒட்டியே காலைச் சந்தை கூடும். கிளம்பும் நாளில் அங்கே உலர் அத்திப்பழமும் நியெகுஷிப் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். எடை போடும் முன் ஒரு துண்டு சுவைக்கத் தருவார்கள், மறுக்க வேண்டாம். விமானம் டிவாட்டிலிருந்து என்றாலும் கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வண்டி ஏறுங்கள். எல்லை தாண்டி டுப்ரோவ்னிக்குக்கு என்றால் மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.